இல்லத்தில் எழுதுவோர்க்கு நேரமும் உரிமையும்

தமிழ் பயின்று வெளியேறும் மாணவர் அனைவர்க்கும் ஆசிரியப் பணி கிட்டுவதில்லை என்பது நாம் ஆண்டுதோறும் கண்டுவரும் உண்மையாகும். பட்டம் பெற்ற மாணவியருள் பலர் மணம் முடித்து இல்லத்தில் அமர்ந்துவிடுகின்றனர். வயது முதிர்ந்த பெற்றோரை விட்டு வெளியூர் செல்ல இயலாத மாணவரும் உளர். "வீட்டிலிருந்தபடியே எழுதிப் பிழைக்க முடியுமா?" என்று இவர்கள் வினவும்போதெல்லாம், "முயன்றால் முடியும்" என்று பொதுப்படக் கூறி அனுப்பிவிடுவதே நம் வழக்கமாக இருந்தது. அவ்விடை போதாது என்பதைக் காலம் கடந்தே உணர்ந்தோம். ஆற்றல் இருந்தும் இல்லத்தில் எழுதுவோர் இரண்டினை இழக்கின்றனர். ஒன்று நேரம், மற்றொன்று உரிமை. அவை இரண்டைப் பற்றியே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

முன்னாளில் புலவர்க்கு வள்ளல்கள் இருந்தனர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர்க்குச் சீதக்காதியும், பின்னர் அபுல்காசிம் மரைக்காயரும் துணைநின்றமை வகுப்பறையில் நாம் விரித்துரைக்கும் செய்தியே. இன்று அவ்விடத்தில் பதிப்பாளரும் இதழாசிரியரும் நிறுவனத்தாரும் உள்ளனர். வள்ளல் மனமுவந்து கொடுத்தார். இவர்கள் ஒப்பந்தத்தின்படி கொடுப்பவர்கள். இவ்வேறுபாட்டை மறந்து, எழுத்துக்கு ஊதியம் கேட்பது இழுக்கு என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். ஆங்கில நாட்டில் சாமுவேல் ஜான்சன் 1746-இல் இலண்டன் நூல்வணிகரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தம் இல்லத்து மேன்மாடியிலேயே எழுத்தர் சிலரை அமர்த்தி அகராதி தொகுத்தார். 1755-இல் அது வெளிவரும் வேளையில் பாராட்ட முன்வந்த செல்வர் ஒருவரின் ஆதரவு தமக்கு இனித் தேவையில்லை என்று அவர் எழுதிய கடிதம் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

தமிழில் க.நா.சுப்ரமண்யம் (1912-1988) எழுத்தையே நம்பி வாழ்ந்தவர்களுள் ஒருவர். தில்லியில் வாழ்ந்த காலத்தில் ஆங்கில இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதி வருவாய் தேடினார். நாவலும் கவிதையும் உடனே சோறு போடுவதில்லை. சோறு போடும் எழுத்து வேறு. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், பாடநூல் ஆக்கம், ஒலி-ஒளி நிகழ்ச்சிகளுக்கான உரை, பிறர் கைப்படியைச் செப்பம் செய்தல் ஆகியன இவ்வகையின. இவற்றைத் தாழ்வாக எண்ணுதல் பிழை. இலக்கணம் முறையாகக் கற்றவர்க்கு இத்துறைகளில் இன்றும் இடமுண்டு. இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தருமாறு குறைந்த கூலிக்கு வரும் பணிகளும் இப்போது பெருகியுள்ளன. அத்தகைய பணியில் மாதிரிப் பக்கங்களைக் காணாமல் கூலி பேசலாகாது. சிலவேளை திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே எளிதாக இருக்கும்.

இனி, நேரத்தைப் பற்றி. இல்லத்தில் இருப்பவர் ஓய்வாக இருப்பவர் என்பதே பெரும்பாலோர் எண்ணம். நம் பழைய மாணவி ஒருவர் இதைச் சொல்லி வருந்தினார். "கம்ப்யூட்டர் முன்னால் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், இந்தக் கறியை அரிந்து கொடு என்று மாமி கூப்பிடுகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, இது வேலை என்று நானே அவர்களிடம் சொல்லவில்லை" என்றார். பின்னர் அவர் செய்தது நமக்கே பாடமாயிற்று. சுபுஹுத் தொழுகை முடித்து ஐந்தரை மணிக்கு அமர்ந்து, பிள்ளைகள் எழும் ஏழரை மணிவரை மொழிபெயர்ப்பதென வகுத்துக்கொண்டார். மெய்ப்புப் பார்த்தலும் கடிதம் எழுதுதலும் பகலில். முதன்முதல் கிடைத்த ஊதியத்தை அப்படியே மாமியின் கையில் கொடுத்தார். அதன்பிறகு வீட்டிற்கு விருந்தினர் வந்தால், "பிள்ளை வேலையில் இருக்கிறாள்" என்று மாமியே சொல்லிவிடுகின்றார்களாம்.

இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று வினவலாம். நாளொன்றுக்கு 300 சொற்கள், மாதத்திற்கு 25 நாள்கள் எனக் கொள்வோம். மாதத்திற்கு 7,500, ஆண்டிற்கு 90,000 சொற்கள். ஒரு பெரிய நூல் முற்றுப்பெற்றுவிடும். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே காலை ஐந்தரை மணிக்கு எழுத அமர்ந்தவர். கடிகாரத்தை முன்வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியதாக, அவர் மறைவுக்குப்பின் 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் கூறுகின்றார். 47 நாவல்கள் அவ்வாறு உருவாயின. அந்த வேகம் நமக்கு வேண்டுவதில்லை. அந்த ஒழுங்கு வேண்டும்.

பள்ளிக் கல்வி இல்லை, வெளியே செல்ல வழியில்லை என்பனவும் தடையாகமாட்டா. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917-1998) தொடக்கப்பள்ளியில் சில ஆண்டுகளே பயின்றவர். இல்லத்திலிருந்தே எழுதிய அவருடைய 'காதலா? கடமையா?' என்னும் நாவல் 1938-இல் உ.வே.சாமிநாதையரின் முன்னுரையோடு வெளிவந்தது. எனினும் எழுதுதல் வேறு, எழுத்தால் வாழ்தல் வேறு. மேற்சொன்ன 7,500 சொற்களுக்குச் சொல்லுக்கு ஒரு ரூபாய் கிடைத்தாலும் மாதம் 7,500 ரூபாயே வரும். அதுவும் பணி தொடர்ந்து வந்தால்தான். ஆகவே, இருக்கும் சிறு வேலையையும் விட்டுவிட்டு எழுத வாருங்கள் என்று எவர்க்கும் நாம் அறிவுரை கூறமாட்டோம். ஆறு மாதச் செலவிற்குக் கையிருப்புச் சேர்ந்தபின் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவதாகிய உரிமையே நாம் விரித்துரைக்க விரும்புவது. அதற்கொரு காரணம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில் பதிப்பகம் ஒன்றிற்குப் பாடத் துணைநூல் எழுதிக் கொடுத்தோம். ஒரு கோடை விடுமுறை முழுவதும் உழைத்த உழைப்பு அது. சிறு தொகையும் ஒரு தாளும் வந்தன. படித்துப் பாராமல் கையொப்பமிட்டோம், படியும் வாங்கிக்கொள்ளவில்லை. நூல் பல பதிப்புகள் கண்டது. நான்காம் பதிப்பில் நம் பெயர் இல்லை. கேட்டதற்கு, "எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே" என்றார்கள். சட்டம் அறியாத நாம் வாய்மூடி வந்தோம்.

அன்று அறியாதது இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதனை ஆக்கியவரே. ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்து எழுதுவோர்க்கு இதில் விலக்கு உண்டு. இல்லத்திலிருந்து தனித்து எழுதிக் கொடுப்பவர் ஊழியர் அல்லர். ஆதலின் அவராக எழுத்து மூலம் மாற்றித் தந்தாலன்றி உரிமை அவரிடமே நிற்கும். அவர் வாழ்நாள் முழுதும் இருப்பதோடு, மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் வாரிசுதாரர்க்கும் உரியதாகும். பிள்ளைகளின் சொத்தை அறியாமல் எழுதிக் கொடுத்துவிடுகின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உரிமை மாற்றம் பற்றிக் கூறுவது அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு. மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எத்துணைக் காலம், எந்நிலப்பரப்பு, என்ன ஊதியம் என்பன குறிக்கப்படுதல் வேண்டும். காலம் குறிக்கப்படவில்லையெனில் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படவில்லையெனில் இந்தியாவிற்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டிற்குள் பயன்படுத்தாவிடில், ஒப்பந்தத்தில் வேறுவகையாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். 57-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. உரிமையை விற்றுவிட்ட பின்னரும் 'இதை எழுதியவர் நான்' என்று கோரும் தனியுரிமை எழுதியவரிடமே எஞ்சி நிற்கும். நம் பெயரை நீக்கியபோது நாம் நீட்டியிருக்க வேண்டிய பிரிவு அதுவே.

மொழிபெயர்ப்பாளர் ஒன்றைக் கூடுதலாக அறிதல் நன்று. மூலநூல் காப்புரிமைக்கு உட்பட்டதாயின் முதலில் அதன் உரிமையாளரின் இசைவு வேண்டும். அவ்விசைவோடு செய்த மொழிபெயர்ப்புக்கும் தனியே பதிப்புரிமை உண்டு, அது மொழிபெயர்த்தவர்க்குரியது.

பெரிய ஆவணம் எழுதத் தெரியவில்லையே என்று மயங்க வேண்டா. பணியைத் தொடங்குமுன் சொற்களின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள், ஊதியம், அது வந்துசேர வேண்டிய நாள், எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பவற்றைக் குறித்து ஒரு கடிதம் விடுத்து, 'இசைகிறோம்' என்னும் ஒரு வரி விடை பெற்றுக்கொண்டாலே பாதிப் பூசல்கள் எழமாட்டா. பெரிய பணியாயின் ஒரு பகுதியை முன்பணமாகப் பெறுதல் முறை. அனுப்பிய நாளையும் பணம் வந்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். இரண்டு ஆண்டுகள் எழுதினால், எவர் நேரத்தில் கொடுப்பவர் என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும்.

மேலே கூறிய மாணவி சென்ற ஆண்டு ஒரு நூலின் மொழிபெயர்ப்பு ஒப்பந்தத்தோடு கல்லூரிக்கு வந்தார். 'அனைத்து உரிமைகளும் என்றென்றைக்கும்' என்றிருந்த வரியை இருவரும் சேர்ந்து படித்தோம். அதைக் கோடிட்டு, 'ஐந்து ஆண்டுகள், அச்சு நூல் மட்டும்' என்று தம் கையால் எழுதித் திருப்பி அனுப்பினார். இந்தப் பணி கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது, நமக்கும் இருந்தது. பதினொரு நாள்கள் விடையில்லை. பன்னிரண்டாம் நாள் கையொப்பமிட்ட படி வந்தது. ஐந்து ஆண்டுகளை ஏழாக்கியிருந்தனர். மற்றவை அவர் எழுதியபடியே இருந்தன.