லோடு வண்டி இன்ஜின் மக்கர் பண்ணினால்...



நம் உறுப்பினர் அக்கா ஒருவர் கடன் வாங்கி எடுத்த சின்ன லோடு வண்டி, பௌர்ணமி அன்று பூ ஏற்றி வரும்போது வழியிலேயே நின்றுவிட்டது. ரேடியேட்டர் தண்ணி ஒழுகி, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. வாங்கி எட்டு மாதம்தான். வாரண்டி கேட்டால், "நீங்க சரியா பாத்துக்கலம்மா" என்று சர்வீஸ் சென்டரில் மூன்று தடவை அலையவிட்டார்கள். தவணை மட்டும் நிற்கவில்லை.

தண்ணி ஒழுகுது என்று முன்பே சொன்னாராம். ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வண்டியை விடும்போதெல்லாம் ஜாப் கார்டு கேட்டு வாங்குங்க. குறை, கிலோமீட்டர், தேதி மூன்றும் அதில் இருக்கணும்.

"தொழில் வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது" என்பார்கள். அப்படியே நம்பாதீங்க. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரி வாங்கியவரும் நுகர்வோர்தான். ஆளை வைத்து ஓட்டினால் அப்படி இல்லை. வண்டி உங்க பேரில், ஓட்டுறது வீட்டுக்காரர் என்றால் முதலில் வக்கீலைக் கேட்டுக்கோங்க.

2019 சட்டப்படி, ஷோரூம் வேலூரில் இருந்தாலும் நம் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போடணும். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லிப் பாருங்க.