குழப்பம் தரும் ஆங்கிலச் சொற்கள்

ஒலியிலோ பொருளிலோ நெருங்கியிருப்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று தவறாக ஆளப்படும் சொற்களே குழப்பம் தரும் சொற்கள் எனப்படுகின்றன. தமிழ்வழி மாணவர்களுக்கு இக்குழப்பம் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் ஏற்படுகிறது.

காரணங்கள்

ஆங்கிலத்தில் இரு சொற்கள் உள்ள இடத்தில் தமிழில் ஒரே சொல் வழங்குவது முதற்காரணம். ஒலி வேறுபாடு தமிழ் எழுத்தில் மறைந்துவிடுவது இரண்டாவது. விலை, பரிசு ஆகிய இரண்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை நாம் 'பிரைஸ்' என்றே எழுதுகிறோம்.

எடுத்துக்காட்டுகள்

ஷேட், ஷேடோ: தமிழில் இரண்டும் நிழல். சிதம்பரம் கோயில் கோபுரத்தின் வடிவம் தெருவில் விழுவது ஷேடோ. வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும் இடம் ஷேட்.

பாரோ, லெண்ட்: 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் மாணவர் நூலை இரவல் பெறுவது பாரோ, நூலகம் இரவல் தருவது லெண்ட். கடிதத்தில் இவற்றை மாற்றி எழுதினால் கடன்பட்டவர் யார் என்பதே மாறிவிடும்.

ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல்: வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது ஹிஸ்டாரிக். கடந்த காலம் தொடர்பான எதுவும் ஹிஸ்டாரிகல். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய கடலூர் புனித டேவிட் கோட்டை ஹிஸ்டாரிக். அதைப் பற்றிய பழைய ஆவணம் ஹிஸ்டாரிகல்.

டைடல் வேவ், சுனாமி, ஸ்டார்ம் சர்ஜ்: 2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கரையைத் தாக்கியது சுனாமி. அது கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது. ஓதத்தோடு தொடர்பில்லாததால் அதை டைடல் வேவ் என்பது பொருந்தாது. புயல்காற்றாலும் குறைந்த காற்றழுத்தத்தாலும் கடல்மட்டம் உயர்வது ஸ்டார்ம் சர்ஜ்.

புயல் அறிவிப்புச் சொற்கள்

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இத்தகைய புயல்களுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை படிப்படியாக அறிவிப்பு வெளியிடுகிறது. புயல் உருவாகும் வாய்ப்பை முன்கூட்டியே உணர்த்துவது வாட்ச். கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்கக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் தரப்படுவது அலர்ட். 24 மணி நேரத்துக்கு முன் தரப்படுவது வார்னிங். மூன்றையும் 'எச்சரிக்கை' என்றே மொழிபெயர்த்தால், எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியாமல் போகும்.

கற்கும் முறை

சொல்லுக்கு நேர் தமிழ்ப்பொருளை மட்டும் மனப்பாடம் செய்வது போதாது. குழப்பும் இரு சொற்களையும் அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமக்குத் தெரிந்த இடத்தையோ நிகழ்வையோ வைத்து ஒரு வாக்கியம் அமைத்துப் பழகினால் வேறுபாடு மனத்தில் நிற்கும்.