நியூயார்க்கில் ஒரு நீலகிரிப் பொட்டலம்

கோயிலில் திருநீறு மடித்துத் தருவார்களே, ஏறக்குறைய அதே வாகில் மடித்த காகிதப் பொட்டலம். பிரித்தால் உள்ளே பழுப்பாக ஏதோ சுருண்டு கிடக்கும். தேங்காய் நார்த் துணுக்கு என்றே நினைக்கத் தோன்றும். அதிலிருந்து ஒரு தண்டை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, வெந்நீர் ஒரு சொட்டு விட வேண்டும். சற்று நேரத்தில் இலைகள் முறுக்கவிழ்ந்து விரியும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் யாரோ பாறையிலிருந்து சுரண்டி எடுத்தபோது இருந்த அதே வடிவம். உயிர் திரும்புவதில்லை, உருவம் மட்டுமே திரும்புகிறது. ஆராய்ச்சியாளருக்கு அது போதும்.

இது மாஸ் என்னும் தாவரம். பேச்சில் இதையும் ‘பாசி’ என்றே சொல்லிவிடுகிறோம். குளத்தில் மிதக்கும் பாசி வேறு, மழை பெய்தால் பாறையில் மெத்தென்று படரும் இந்தப் பச்சை வேறு. இதற்குத் தண்டு போலவும் இலை போலவும் உறுப்புகள் உண்டு, வேர் கிடையாது. உலகில் ஏறத்தாழ 12,000 இனங்கள் இருக்கின்றன.

பூக்கும் செடியை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தில் வைப்பார்கள். மாஸுக்கு அந்தப் பாடு இல்லை. காற்றாட உலர்த்தி மடித்து வைத்தால் ஆயிற்று. தபாலில் அனுப்பவும் எளிது. அப்படித்தான் நம் மலைகளின் மாஸ்கள் கடல் கடந்தன.

புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே, நீலகிரியில் சேகரித்தவற்றைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். ராணுவ மருத்துவராக இருந்த காமில் மோன்டாஞ் அவற்றை ஆராய்ந்து 1842-இல் எழுதினார். அடுத்து வந்தவர் வில்லியம் மிட்டன், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு கிராமத்து மருந்துக்கடைக்காரர். இமயம், நீலகிரி, இலங்கை என்று பல திசைகளிலிருந்தும் பிறர் சேகரித்த மாஸ்களைக் கொண்டு, 1859-இல் கிழக்கிந்திய மாஸ்களுக்கு ஒரு பெரும் பட்டியல் தயாரித்தார். டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் வாலஸ் இவருடைய மருமகன் என்பது ஒரு கிளைக்கதை. 1906-இல் மிட்டன் இறந்ததும் அவருடைய சேகரிப்பை நியூயார்க் தாவரவியல் பூங்கா வாங்கிக்கொண்டது. ஆக, நீலகிரிப் பாறையில் இருந்தது சசெக்ஸ் வழியாக நியூயார்க் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவி ஃபோரோவும் பழனி மலை மாஸ்களைச் சேகரித்தார். இங்கிலாந்தில் டிக்சனும் பிரான்ஸில் போத்தியே தெ லா வார்டும் அவற்றை ஆராய்ந்தார்கள். ஒரு பேரினத்துக்கே ‘ஃபோரோவெல்லா’ என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். பழனி மலை மாஸ்கள் பற்றிய அவருடைய பட்டியல் 1961-இல் அச்சாயிற்று.

சரி, பொட்டலத்துக்குள் இருப்பது எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெறும் கண்ணுக்குப் பாதி மாஸ்கள் ஒன்றுபோலவே தெரியும். நுண்ணோக்கியில்தான் வேலை. இலை பெரும்பாலும் ஒரே செல் அடுக்குக் கனம் கொண்டது. அதைச் சவர பிளேடால் கையாலேயே குறுக்காகச் சீவி, நடுநரம்பின் அமைப்பைப் பார்க்க வேண்டும். செல்களின் மேல் சிறு புடைப்புகள் உண்டா என்று தேட வேண்டும். ஃபிஸிடென்ஸ் என்ற பேரினம் என்றால் சுலபம், இலையின் அடியில் சட்டைப்பை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். ஸ்போர் பெட்டியும் கிடைத்துவிட்டால் அதன் வாயோரப் பற்களை எண்ணலாம். டெட்ராஃபிஸில் நான்கு, ஃபிஸிடென்ஸில் 16, பாலிட்ரைக்கத்தில் 64 வரைகூட இருக்கும். ஒரே பொட்டலத்தில் இரண்டு மூன்று இனங்கள் பின்னிக் கிடப்பதும் சர்வசாதாரணம். பின்னால் ஒருவர் மறுபடி பார்த்துப் பெயரை மாற்றினால், பொட்டலத்தில் உள்ள பழைய பெயர்ச் சீட்டைக் கிழிப்பதில்லை. புதிய பெயர், பார்த்தவர் பெயர், தேதி எழுதிய சீட்டைப் பக்கத்தில் சேர்ப்பார்கள்.

இப்போது இந்தப் பொட்டலங்கள் கணினிக்குப் போகின்றன. அமெரிக்காவில் 2011-இல் தொடங்கிய திட்டம், 60-க்கும் மேற்பட்ட ஹெர்பேரியங்களில் உள்ள மாஸ், லைக்கன் (கல்பாசி வகை) மாதிரிகளில் சுமார் 23 லட்சத்தைக் குறிவைத்தது. அவை வட அமெரிக்காவில் கிடைத்தவை. 2020-இல் தொடங்கிய அடுத்த திட்டம், 25 நிறுவனங்களில் இருக்கும் உலகின் பிற பகுதிகளைச் சேர்ந்த மாதிரிகளையும் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 12 லட்சம். ஒவ்வொன்றுக்கும் பட்டைக் குறியீடு ஒட்டி, படம் எடுத்து, சீட்டில் உள்ள எழுத்துகளைக் கணினியில் ஏற்றி, சேகரித்த ஊரை வரைபடத்தில் குறிக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். தாளில் ஒட்டிய பூச்செடியைப் படம் எடுத்தால் செடியே படத்தில் வந்துவிடும். மாஸில் வருவது உறையும் அதன் மேல் எழுதியதும்தான். பெயர் தவறாக இருந்தால், அந்தத் தவறுதான் உலகம் முழுக்கப் போய்ச் சேரும். முன்பு ஓர் அலமாரியில் அடங்கிக் கிடந்த பிழை, இப்போது பரவல் வரைபடத்தில் புள்ளியாக நிற்கும். வேகமாகப் படம் எடுப்பதற்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது, பொட்டலத்தைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் சேர்வது முகவரிப் புத்தகம்தான், தாவரத் தொகுப்பு ஆகாது.

பழைய பொட்டலத்துக்கு இவ்வளவு மெனக்கெடலா என்று கேட்கலாம். வேர் இல்லாததால் மாஸ், காற்றிலும் மழையிலும் வருவதை உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்வீடனின் ஆராய்ச்சியாளர்கள் ரூலிங், டைலர் இருவரும் 1860 தொடங்கிச் சேகரித்து வைத்திருந்த மாஸ்களில் ஈயத்தை அளந்து 1968-இல் வெளியிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஏற்றம். 1950-க்குப் பிறகு, ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்தில், இன்னொன்று. காற்றை அளக்கும் கருவிகள் வருவதற்கு முந்தைய காற்றின் கணக்கு, அந்தப் பொட்டலங்களில் இருந்தது. எந்த இனம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாவிட்டால் அந்தக் கணக்கு தேறியிருக்காது.

ஊர் என்றதும் நம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. நீலகிரியை ‘நெய்ல்கெர்ரி’ என்றும் பழனியை ‘புல்னி’ என்றும் எழுதிய காலத்துச் சீட்டுகள் அவை. அவற்றைப் படித்துக் கணினியில் ஏற்ற உதவும், எங்கோ இருக்கும் தன்னார்வலருக்கு அது புதிர். உதகையிலோ வத்தலக்குண்டிலோ இருப்பவருக்குப் பார்த்ததும் பிடிபடும். 2013-இல் தொடங்கிய ‘நோட்ஸ் ஃப்ரம் நேச்சர்’ இணையதளத்தில் ஹெர்பேரியச் சீட்டுகளைப் படித்துத் தட்டச்சு செய்ய யார் வேண்டுமானாலும் உதவலாம். தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை. பழைய கையெழுத்தைப் படிக்கும் பொறுமை இருந்தால் போதும்.