மூங்கில்களின் கூர்ப்பு உறவும் டி.என்.ஏ சான்றுகளும்



உயிரினப் பாகுபாடு பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும்போது பலர், "தோற்றத்தில் ஒத்தவை நெருங்கிய உறவுடையவை" என எழுதி நிறுத்திவிடுகின்றனர். இவ்விடை ஏன் போதாது என்பதை மூங்கிலை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

1. பிரச்சினை யாது?

மூங்கில் மரமன்று. நெல், கரும்பு என்பவற்றைப் போன்று அதுவும் புற்குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் 1,600 இற்கும் மேற்பட்ட மூங்கில் இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களைப் பாகுபடுத்துவதற்குப் பூவின் அமைப்பு முக்கிய சான்றாகும். ஆனால் வன்தண்டு மூங்கில்களுள் பல, பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறையே பூக்கின்றன. ஜப்பானில் 'மதாக்கே' எனப்படும் மூங்கில் பூப்பதற்கு ஏறத்தாழ 120 ஆண்டுகள் செல்லும். ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் வாழ்நாளில் அதன் பூவைக் காணாமலே போகலாம். தண்டையும் இலையையும் மாத்திரம் கொண்டு உறவைத் தீர்மானிப்பதோ கடினம்.

2. டி.என்.ஏ எவ்வாறு உதவுகிறது?

பூவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் இலைத்துண்டு போதும். டி.என்.ஏயில் அடனீன், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்கள் குறித்த ஒழுங்கில் அமைந்துள்ளன. சந்ததி சந்ததியாக விகாரங்களால் இவ்வொழுங்கு சிறிது சிறிதாக மாறுகிறது. மூதாதையில் ஏற்பட்ட மாற்றம் அதன் வழித்தோன்றல்களிலும் காணப்படும். எனவே ஒரே மாற்றங்களைப் பொதுவாகக் கொண்ட இனங்கள் ஒரே கிளையில் வைக்கப்படுகின்றன. இவ்வாறு வரையப்படுவதே கூர்ப்பு மரமாகும்.

3. மூன்று பிரதான கிளைகள்

(அ) இடைவெப்ப வலய வன்தண்டு மூங்கில்கள்
(ஆ) அயன வலய வன்தண்டு மூங்கில்கள்
(இ) வன்தண்டற்ற பூண்டு மூங்கில்கள்

4. சான்றுகள் முரண்படுவது ஏன்?

பச்சையவுருமணியின் டி.என்.ஏயைப் பார்த்தால், அயன வலய மூங்கில்களுக்குப் பூண்டு மூங்கில்களே நெருங்கிய உறவு. கருவின் டி.என்.ஏயைப் பார்த்தாலோ, வன்தண்டு மூங்கில்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. இவற்றுள் எது பிழை? இரண்டும் பிழையல்ல.

உங்கள் பெயரின் முன்னெழுத்தை எண்ணிப் பாருங்கள். அது தந்தையின் பெயரைச் சொல்லும். தாய்வழி உறவினர் யார் என்பதைச் சொல்லாது. பச்சையவுருமணி இதற்கு மறுதலையானது. அது பெரும்பாலும் தாய்த் தாவரத்திலிருந்து மாத்திரமே கடத்தப்படுவதால், தாய்வழி வரலாற்றையே கூறுகிறது. கருவின் டி.என்.ஏ பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது.

பண்டைக் காலத்தில் வெவ்வேறு மூங்கில் வழிகள் தம்முள் கலந்து, நிறமூர்த்தத் தொடைகளும் பெருகியதால் வன்தண்டு மூங்கில்கள் தோன்றின. பூண்டு மூங்கில்கள் பொதுவாக இருமடியமானவை. வன்தண்டு மூங்கில்கள் நான்மடியமாகவோ அறுமடியமாகவோ உள்ளன. கலப்பினால் தோன்றியவற்றில் தாய்வழி வரலாறும் முழுக் குடும்ப வரலாறும் வேறுபடுவது இயல்பே.

5. நம் நாட்டு உதாரணம்

ஹோட்டன் சமவெளிக்குச் சென்றவர்கள் அங்குள்ள குள்ள மூங்கிலைக் கண்டிருப்பீர்கள். முன்னர் இது 'அருண்டினாரியா' முதலிய சாதிகளில் சேர்க்கப்பட்டிருந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இதுவும் இதன் உறவினங்களும் இடைவெப்ப வலயக் கிளையினுள் தனியொரு வழி என்பது பச்சையவுருமணி டி.என்.ஏ ஆய்வினால் தெரியவந்தது. அதனால் 2014 இல் 'குருணா' என்னும் புதிய சாதி உருவாக்கப்பட்டது. இக்கிளையின் ஏனைய இனங்களிற் பெரும்பாலானவை கிழக்காசியாவைச் சேர்ந்தவை. நாம் வழியோரத்தில் கண்டு கடந்து செல்லும் செடியொன்று இத்துணை தனித்துவமானது என்பதை அதன் தோற்றம் நமக்குச் சொல்லவில்லை.

நினைவிற் கொள்க

• புறத்தோற்றம் ஒரு சான்று மாத்திரமே.
• பச்சையவுருமணி தாய்வழியையும் கரு இருவழியையும் காட்டும்.
• இரு கூர்ப்பு மரங்கள் முரண்பட்டால் ஒன்றைத் தள்ளிவிடாது, முரண்பாட்டின் காரணத்தைத் தேடுக.

மாதிரி வினா: மூங்கில்களின் உறவைத் தீர்மானிக்கப் பச்சையவுருமணி டி.என்.ஏ மாத்திரம் போதுமா? இரு காரணங்கள் தந்து விளக்குக.

விடையைப் பார்த்தெழுதாது, பகுதி 4 ஐ மீண்டும் ஒரு முறை வாசித்துவிட்டுச் சொந்த வசனங்களில் எழுதிப் பாருங்கள்.