வீட்டு நாயின் உணவில் சுண்ணாம்புச் சத்து: வரவும் செலவும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

சென்ற தை மாதத்தில் தணிக்கை அலுவலின் பொருட்டுத் திருமுக்கூடல் செல்ல நேர்ந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடும் அவ்வூரில், அங்கத்தினர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாவுக் கணக்கைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அப்பொழுது நாலு மாத வயதுள்ள நாய்க்குட்டி ஒன்று தள்ளாடியவாறு வந்து என் காலடியில் அமர்ந்தது. அதன் முன்னங்கால்கள் இரண்டும் வில்போல் வளைந்திருந்தன.

“ஐயா, கணக்கில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்கிறீர்கள். இந்தக் குட்டியின் கணக்கில் தவறு எங்கே என்று சொல்லுங்களேன்!” என்றார் வீட்டுக்காரர்.

“என்ன போடுகிறீர்கள், பெரியவரே?” என்று வினவினேன்.

“குறை ஒன்றும் வைக்கவில்லை. தினமும் கோழிக்கறி வாங்கி, எலும்பு தொண்டையில் சிக்கிவிடும் என்று அஞ்சி, சதையை மட்டும் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடுகிறோம். ஈரலும் உண்டு. கால் வளைந்ததைக் கண்டு, சுண்ணாம்புச் சத்துப் போதாது என்றார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் சோற்றில் கலந்து பார்த்தோம். வாயெல்லாம் வெந்து, இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.”

அன்பில் குறையில்லை; செலவிலும் குறையில்லை. ஆயினும் குட்டியின் கால் வளைந்துவிட்டது. வீட்டுக் காவலுக்கும் வேர்க்கடலைக் கொல்லைக் காவலுக்கும் நாய் வளர்க்கும் நம் அங்கத்தினர் பலர் இதே தவற்றைச் செய்வதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே, கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன்.

எலும்பு ஒரு சேம நிதி

நாயின் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்குதான் இரத்தத்திலும் தசையிலும் உலவுகிறது. ஆனால் இதயம் துடிப்பதும், தசை சுருங்குவதும், நரம்பு வேலை செய்வதும் அந்த ஒரு பங்கினால்தான். இரத்தத்தில் அதன் அளவு சிறிது குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து.

எனவே இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. உணவின் வழியே கால்சியம் வராத நாளில், கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் ஒரு நீரைச் சுரந்து, எலும்பைக் கரைத்து, வேண்டிய கால்சியத்தை இரத்தத்தில் சேர்க்கின்றன. நமது சங்க மொழியில் சொன்னால், அன்றாடச் செலவுக்குச் சேம நிதியில் கை வைப்பதாகும். ஒரு நாள் எடுத்தால் தெரியாது. மாதக் கணக்கில் எடுத்தால் நிதி வற்றும், எலும்பு மெலியும், கால் வளையும், திண்ணையிலிருந்து குதித்தாலே முறியும். இத்தனைக்கும் இரத்தத்தைச் சோதித்தால் கால்சியம் சரியாகவே இருக்கக்கூடும். ரொக்க இருப்பு சரியாக இருக்கிறது என்பதற்காகச் சங்கம் செழிப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

கூட்டாளியின் கணக்கும் பார்க்க வேண்டும்

கால்சியத்தைத் தனியே பார்த்துப் பயனில்லை. அதன் கூட்டாளி பாஸ்பரஸ். விவசாய அங்கத்தினர்கள் இதனை உர மூட்டையில் மணிச்சத்து என்ற பெயரில் அறிவார்கள். நாயின் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருந்தால், கால்சியம் ஒரு பங்குக்குக் குறையாமலும் இரண்டு பங்குக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும்.

இப்பொழுது அந்தக் குட்டியின் சோற்றைக் கணக்கிடுவோம். நூறு கிராம் கோழிச் சதையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம். கால்சியமோ 10 முதல் 15 மில்லிகிராம்தான். ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், பாஸ்பரஸ் பதினைந்து பங்குக்கு மேல் நிற்கிறது. தீட்டிய அரிசியில் கால்சியம் நூறு கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம். ஈரலிலும் அதேபோல் சொற்பமே. ஆக, இம்மூன்றையும் எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் கால்சியம் சேராது, பாஸ்பரஸ்தான் சேரும். பாஸ்பரஸ் மிகுந்தால் அந்தச் சுரப்பிகள் மேலும் தூண்டப்பட்டு எலும்பு மேலும் கரையும். கோழிக்கறி ஏற ஏறக் கால் வளைந்ததன் காரணம் இதுவே.

முற்காலத்து ஊர் நாய்க்கு இக்குறை அதிகம் நேரவில்லை. அது எலியைத் தின்றது. மீன் தலையைத் தின்றது. எலும்போடு சேர்த்துத் தின்றது. நாம் அக்கறையோடு எலும்பை நீக்கினோம். எலும்போடு கால்சியமும் வெளியே போயிற்று.

கேழ்வரகுக் கூழ் ஊற்றி வளர்த்த நாய்கள் ஓரளவு தப்பின. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் தானியங்களிலுள்ள பைட்டிக் அமிலம் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், முழுவதும் உடலில் சேர்வதில்லை. பாலில் நூறு மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் உண்டு. எனினும் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் மிகுந்தால் கழிச்சல் உண்டாகும். எலும்பை வேகவைத்து எடுத்த சாற்றில் கால்சியம் மிகச் சொற்பம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உலகம் கற்ற பாடம்

இப்பாடத்தை உலகத்துக்குக் கற்பித்தவையே நாய்க்குட்டிகள்தாம். முதல் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தில் ஏழைக் குழந்தைகளின் கால்கள் வளையும் ரிக்கெட்ஸ் நோயின் காரணத்தைத் தேடிய எட்வர்டு மெல்லன்பி என்னும் அறிஞர், நாய்க்குட்டிகளுக்குத் தானியக் கஞ்சியையே முக்கிய உணவாகக் கொடுத்து அந்நோயை உண்டாக்கிக் காட்டினார். அதே கஞ்சியோடு காட் மீன் எண்ணெய் சேர்த்தபோது நோய் வரவில்லை. 1919-இல் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார். எண்ணெயிலிருந்த அந்தச் சத்துக்குப் பின்னர் வைட்டமின் ‘டி’ என்று பெயரிடப்பட்டது. வந்த கால்சியத்தைக் குடலிலிருந்து உடலுக்குள் சேர்ப்பது இதுவே.

மனிதருக்கு வெயில் பட்டால் தோலிலேயே ‘டி’ சத்து உண்டாகிறது. நாய்க்குப் போதிய அளவில் உண்டாவதில்லை. “வெயிலில்தானே கிடக்கிறது!” என்று நாம் நிம்மதி கொள்ளக் கூடாது. முட்டையின் மஞ்சட்கரு, மீன் ஆகியவற்றின் மூலமாகவே அது சேர வேண்டும்.

வளர்ந்த நாய்க்கு ஈடு செய்யும் வழி

பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரிசி 100 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி 150 கிராம், காய் 50 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி: இது அதன் ஒரு நாள் உணவு என்று கொள்வோம். (எடைகள் யாவும் வேகவைக்கும் முன்.) இதில் சுமார் 600 கலோரி உண்டு. பாஸ்பரஸ் ஏறத்தாழ 430 மில்லிகிராம். கால்சியம் ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான். வேண்டியதோ சுமார் 750. பற்றாக்குறை 700.

இதற்கு மிக மலிவான சரக்கு முட்டை ஓடு. அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் ஆகும். ஓட்டைக் கழுவிக் கொதிநீரில் சில நிமிஷங்கள் வேகவைத்து, நன்கு உலர்த்தி, மாவுபோல் அரைத்து, துணியில் சலித்து, ஈரம் படாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம், தூளில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. ஆகவே மேற்சொன்ன நாய்க்கு நாளொன்றுக்குத் தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதனை இருவேளைச் சோற்றிலும் பிரித்துக் கலக்க வேண்டும். அப்பொழுது கால்சியம் 750, பாஸ்பரஸ் 430 என்று வரவும் செலவும் நிதானப்படும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு இவ்விடத்தில் உதவாது. தமிழில் இரண்டையும் சுண்ணாம்பு என்றே வழங்குவதால் வந்த மயக்கம் இது. நீற்றிய சுண்ணாம்பு காரம் மிக்கது; வாயையும் குடலையும் வேகச் செய்யும். அதனை எந்த அளவிலும் எந்தப் பிராணிக்கும் உணவில் கலக்கலாகாது.

மருந்துக் கடை மாத்திரை வாங்குவோர் சீட்டைக் கூர்ந்து படிக்க வேண்டும். காஞ்சிப் பட்டு நெய்பவர்களுக்கு ஜரிகையின் எடை வேறு, அதிலுள்ள வெள்ளியின் எடை வேறு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையும் அவ்வாறே. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம். கால்சியம் லாக்டேட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு. குளுகோனேட்டில் ஒன்பது பங்கு மட்டுமே.

குட்டிக்குக் கணக்கு வேறு

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். குட்டி சிறியது, ஆகவே கொஞ்சம் போதும் என்று எண்ணுகிறார்கள். உண்மையோ நேர்மாறானது. உண்ணும் ஒவ்வோர் ஆயிரம் கலோரிக்கும் வளர்ந்த நாய்க்குக் கால்சியம் ஒரு கிராமுக்குச் சற்று மேல் போதும். குட்டிக்கு 3 கிராம் வேண்டும். ஐந்து கிலோ எடையுள்ள நாலு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் வேண்டியிருக்கும். தன்னைப்போல் இரு மடங்கு எடையுள்ள பெரிய நாயைவிட அதற்குத் தேவை அதிகம். எலும்பு வளர்கிற காலமல்லவா?

மேலும், குட்டிக்குப் பாஸ்பரஸும் மிகுதியாக வேண்டும். எனவே முட்டை ஓட்டுத் தூளை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் கால்சியம் நாலு பங்காகவும் பாஸ்பரஸ் ஒரு பங்காகவும் நின்று, தராசு மறுபக்கம் சாயும். இரண்டும் சேர்ந்த தீவன ரக எலும்புத் தூளோ டைகால்சியம் பாஸ்பேட்டோதான் குட்டிக்கு ஏற்றது. எவ்வளவு என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். உர டெப்போவில் விற்கும் எலும்புத் தூள் நிலத்துக்கானது. அதனை நாய்க்குப் போடக் கூடாது. கறவை மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையும் மாட்டின் கணக்குக்குச் செய்யப்பட்டதே.

மிகுந்தாலும் கேடு

குறைந்தால் கேடு என்றவுடன் அள்ளிப் போடுவதும் ஆபத்தே. வளர்ந்த நாய் மிகுதியை ஓரளவு கழித்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அத்திறமை போதாது. கொடுத்ததில் பெரும்பகுதியை உடல் ஏற்றுக்கொண்டுவிடும். நெதர்லாந்து நாட்டு யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் கிரேட் டேன் என்னும் பெரிய இனக் குட்டிகளுக்கு மூன்று மடங்கு கால்சியம் கொடுத்துப் பார்த்ததில், எலும்பு உறுதிப்படுவதற்குப் பதிலாக அதன் வளர்ச்சியே கெட்டது என்று 1985-இல் வெளியிட்டார்கள். உயர்ந்து வளரும் நம் ராஜபாளையம் இனக் குட்டியை வளர்ப்போரும் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் முழுச் சத்துள்ள நாய்த் தீவனமே முக்கிய உணவானால், அதற்கு மேல் கால்சியம் எதுவும் தேவையில்லை.

சினை நாய்க்குத் தானாகவே கால்சியம் மாத்திரை கொடுப்பதும் தவறு. வெளியிலிருந்து மிகுதியாக வந்தால், எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை உடல் தளர்த்திவிடுகிறது. ஈன்ற பின் பால் சுரப்புக்குத் திடீரென்று தேவைப்படும்போது எடுக்க முடியாமல் ஜன்னி காணும். ஈன்ற முதல் நாலு வாரங்களில் தாய் அமைதியின்றி உலாவி, மூச்சு இரைத்து, உடல் நடுங்கினால் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நரம்பில் மெதுவாக ஏற்றும் கால்சியமே அதைக் காப்பாற்றும்.

மற்றச் சத்துகள்

கால்சியம் மட்டும் சரியானால் உணவு நிறைவாகிவிடாது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கிளையார், வீட்டில் சமைக்கும் நாய் உணவுக்கான 200 செய்முறைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதேனும் ஒரு முக்கிய சத்தாவது குறைந்தே இருந்தது. துத்தநாகம், செம்பு, வைட்டமின் ‘டி’, ‘ஈ’ ஆகியவை வீட்டு உணவில் பெரும்பாலும் குறைபவை. ஆகவே நாள்தோறும் வீட்டுச் சமையலே உண்ணும் நாய்க்கு, நாய்க்கென்றே செய்த வைட்டமின், தாதுக் கலவை ஒன்றை மருத்துவர் சொற்படி சேர்ப்பது நலம்.

நம்மால் செய்யக் கூடியவை இவை:

1. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேகவைத்த முட்டையும், இயன்றபோது முள்ளோடு நன்கு வெந்த நெத்திலியும் கொடுக்கலாம். கருவாட்டில் உப்பு மிகுதி, வேண்டாம்.

2. ஈரலைச் சிறு அளவோடு நிறுத்துங்கள். அதில் வைட்டமின் ‘ஏ’ மிகுதி. நாள்தோறும் அதிகமாகக் கொடுத்தால் அதுவே எலும்பைக் கெடுக்கும். மீன் எண்ணெயும் அளவு மீறலாகாது.

3. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், கொடுக்க வேண்டாம்.

4. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. மிஞ்சிய சாம்பார்ச் சோற்றை ஊற்றும் வழக்கத்தைக் கைவிடுங்கள். திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு.

5. நாயை மாதம் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, உணவின் அளவை எழுதி வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அந்தச் சீட்டு பெரிதும் பயன்படும்.

திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழர் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றுக்கு விட்ட நிவந்தம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நோயாளிகளுக்கான அரிசி, மருந்து, ஊழியர்க்கான ஊதியம் யாவும் அளவோடு அதில் காணப்படுகின்றன. அன்பினால் கொடுப்பதையும் அளந்து கொடுக்க வேண்டும் என்பது அவ்வூருக்குப் புதிய செய்தி அன்று.

நான் கண்ட குட்டியை மறுநாளே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றார்கள். எலும்பு முறியாதிருந்தது நல்வினை. மருத்துவர் உணவை மாற்றி, எலும்புத் தூளுக்கு அளவு எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் குதிக்க விடாமல் கட்டி வைக்கச் சொன்னார். ஆடி மாதம் மீண்டும் அவ்வூர் சென்றபோது அது வாசலில் நின்று என்னைக் கண்டு குரைத்தது. வலக்கால் நிமிர்ந்துவிட்டது. இடக்காலில் சிறு வளைவு இருக்கிறது. அது இனி நிமிராது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். “இரண்டு மாதம் முன்பே கேட்டிருந்தால்…” என்று தொடங்கிய பெரியவர் முடிக்கவில்லை. நாய் வளர்க்கும் மற்ற அங்கத்தினர்கள் முன்பே கேட்டுக்கொள்வதற்காகவே இதனை எழுதலானேன்.