உல்லாசப் பயணியின் காசு எங்கே தங்குகிறது?

2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் வந்தார்கள். அதனால் நாட்டுக்குக் கிடைத்த வருமானம் ஏறக்குறைய 438 கோடி அமெரிக்க டொலர். மறுவருடம் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. பின்னர் கொரோனா வந்தது. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம் பேர்கூட இல்லை. 2024இல் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இக்கணக்குகளை வாசிக்கும்போது, காணியை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கத்தான் வேண்டும்.

குளத்துக்கு எவ்வளவு நீர் வந்தாலும் அணைக்கட்டில் கசிவு இருந்தால் வயலுக்கு எட்டாது. உல்லாசப் பயணத்துறையும் அப்படித்தான். அறைக்கான பணம் பெரும்பாலும் வெளியூர்க் கம்பனிக்குப் போகிறது. முகாமையாளரும் தலைமைச் சமையற்காரரும் வெளியிலிருந்து வருகிறார்கள். மரக்கறி லொறியில் வருகிறது. வெண்ணெயும் மதுவும் கப்பலில் வருகின்றன. கூட்டுபவர், தோட்டம் பார்ப்பவர், காவலாளி ஆகியோரின் சம்பளமே ஊரில் தங்குகிறது. அதுவும் பருவகாலச் சம்பளம். கிழக்கில் கடல் அமைதியாக இருப்பது சித்திரை முதல் புரட்டாதி வரைதான்.

பாசிக்குடாவைப் பாருங்கள். போருக்கு முன்னர் அங்கிருந்த விடுதிகள் போரில் பாழாயின. 2004இல் சுனாமியும் வந்தது. 2011க்குப் பின் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. வேலை கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மீனவர் வள்ளங்களை இழுத்துவைத்த கரை சுருங்கியது. அறுகம்பேயில் நிலைமை சற்று வேறு. அங்கே உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைய உள்ளன. முச்சக்கர வண்டிக்காரருக்கும் பயணியின் காசு போகிறது. பல கைகளில் பரவும் காசே ஊரில் அதிகம் சுற்றும்.

காணி விடயம் இன்னும் பாரதூரமானது. அறுகம்பேக்குத் தெற்கே, சிங்களமும் தமிழும் கலந்து வாழும் பழைய விவசாயக் கிராமம் பாணமை. 2010இல் அங்கே கரையோரக் காணிகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பின்னர் படை முகாமும் உல்லாச விடுதியும் எழுந்தன. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தும் காணி கைக்கு வரவில்லை. 2016இல் மக்கள் தாமாகவே ஒரு பகுதிக்குள் திரும்பிப் போனார்கள். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். போர் முடிந்த பின்னரும் பல குடும்பங்கள் நலன்புரி முகாம்களில் இருக்க, காங்கேசன்துறைக் கரையில் இராணுவம் 'தல்செவன' விடுதியை நடத்தியது.

கடற்கரைக்கு விலை ஏறும்போது தரகர்கள் வருவார்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அனுமதிப்பத்திரக் காணியை அரச அனுமதியின்றி விற்க முடியாது. "கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்க்கிறோம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

கசிவை அடைக்க விவசாயிக்கு ஒரு வழி உண்டு. ஹோட்டலுக்கு வேண்டிய மரக்கறியை நாமே கொடுப்பது. ஆனால் அவர்கள் கேட்பது தினமும், ஒரே தரத்தில், சொன்ன நிறையில். அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரால் இது முடியாது. பத்துக் குடும்பங்கள் கிழமைக்குக் கிழமை முறைவைத்து நட்டால் முடியும். பணம் எப்போது தருவார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். கடனுக்கு வாங்கி மாதக்கணக்கில் இழுத்தடித்தால் சிறு விவசாயி தாங்கமாட்டான்.

எதை நடுவது? கத்தரி, வெண்டி, பயற்றை, கீரை, பப்பாசி. ஹோட்டல் எடுக்காவிட்டாலும் ஊர்ச் சந்தை எடுக்கும். பயணிகள் மட்டும் தின்னும் சலாது இலையை நம்பி முழுத் தோட்டத்தையும் கொடுத்துவிடக் கூடாது. 2019இல் ஒரே வாரத்தில் அறைகள் வெறுமையானதை எண்ணிப்பாருங்கள். நெல்லையும் மாட்டையும் கைவிட வேண்டாம்.

ஊரில் புதிய விடுதி வருவதாகப் பேச்சு எழுந்தால், பிரதேச செயலகக் கூட்டத்துக்குச் சங்கமாகப் போங்கள். கரைக்குப் போகும் பாதை திறந்திருக்குமா, உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். கரையோர மணலில் நன்னீர் மெல்லிய படையாகவே நிற்கிறது. கோடையில் குழாய்க் கிணறு போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறும். பக்கத்துத் தோட்டக் கிணறும் உவர்க்கும்.