வயிற்றில் ஒன்று, பக்கத்தில் ஒன்று

முதல் பிரசவம் மட்டுமல்ல, இரண்டாவதும் அம்மா வீட்டில்தான் என்பது தென்மாவட்டக் குடும்பங்களில் இன்றும் பரவலான வழக்கம். ஏழாம் மாதம் பிறந்ததும் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கார் கிளம்பும். 600 கிலோமீட்டருக்கு மேல். எப்படியும் பத்து மணி நேரம். பரனூர் டோல்கேட்டில் நின்று கவனித்தால், முன் இருக்கையில் கர்ப்பிணி, அவர் மடியில் இரண்டு வயதுப் பிள்ளை, வயிற்றை அழுத்தும் என்று ஒதுக்கிவிட்ட சீட் பெல்ட் என்ற காட்சி கண்ணில் படும்.

முதலில் பிள்ளையைப் பார்ப்போம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலோ மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 12 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 170 கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. குழந்தை முன்னால் பாயும். பெல்ட் போடாத அம்மாவின் உடல் பின்னாலிருந்து அதை நசுக்கும்.

பெரியவர்களுக்குத் தலை உடல் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு வயதில் ஐந்தில் ஒரு பங்கு! கழுத்தோ இன்னும் பிஞ்சு, மோதலில் முன்னால் பாயும் தலையை அதனால் தாங்க முடியாது. விண்வெளி வீரர்கள் முதுகு முழுவதும் அழுத்தத்தை வாங்கும்படி படுத்திருப்பதைக் கவனித்த ஸ்வீடன் மருத்துவர் பெர்டில் ஆல்ட்மேன், 1960-களில் பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை உருவாக்கினார். அதைப் பின் சீட்டில் பொருத்துவதே நல்லது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் நம் நாட்டுச் சட்டமும் திருத்தப்பட்டுவிட்டது. டோல்கேட்டில்தான் அதன் தடயம் தெரிவதில்லை.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து வருவது வேறு வழியில். கருப்பை தசையாலானது, நெளிந்து கொடுக்கும். அதன் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடிக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. ஊதிய பலூனில் ஒட்டிய காகிதம், பலூனை அமுக்கினால் பிய்ந்து வருவதுபோல, மோதலில் நஞ்சுக்கொடி பிரிந்துவிடக்கூடும். தாய்க்குக் கீறல்கூட இல்லாமல் இது நேரலாம். அதனால்தான் சிறு மோதலுக்குப் பிறகும் மருத்துவமனையில் சில மணி நேரம் குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் வால்வோ நிறுவனத்தின் லாரா தாக்ரே, 'லிண்டா' என்ற கர்ப்பிணியின் கணினி உருவத்தை அமைத்து, மோதலில் வயிற்றுப் பிள்ளைக்கு நேர்வதை ஆராய்ந்தார். அதுவரை மோதல் சோதனைப் பொம்மைகளில் கர்ப்பிணியின் வயிற்றுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது வேதனையான விஷயம்.

பெல்ட் இல்லையென்றால் வயிறு நேராகப் போய் மோதும், ஆகவே அதை ஒதுக்கவே கூடாது. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே போய் வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் குறுக்கே ஓடினால் அதுவே ஆபத்து.

அடுத்தது கால். பிரசவத்தில் இரத்தப்போக்கு மிகாதபடி, கர்ப்பிணியின் இரத்தம் முன்கூட்டியே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுகிறது. கூடவே கருப்பை இடுப்பின் இரத்தக்குழாய்களை அழுத்த, கால்களில் இரத்தம் தேங்குகிறது; மணிக்கணக்கில் உட்கார்ந்தே போனால் இன்னும் அதிகமாக. உறைகட்டி உருவாகும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட நான்கைந்து மடங்கு. பெரும்பாலும் இடது காலில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் தேக்கம் குறையும். மூத்த பிள்ளைக்கும் இறங்கி ஓடியாட அந்த இடைவேளை தேவை. கழிவறை தேட வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் கார் பயணம் வேண்டாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் திருச்சியில் ஓர் இரவு தங்கிவிடலாம். மருத்துவர் சம்மதித்தால் ஏழாம் மாதம் வரை காத்திராமல் ஐந்து, ஆறாம் மாதங்களிலேயே கிளம்புவது இன்னும் சௌகரியம்.

பிரசவத்துக்குப் பிறகும் குறைந்தது ஆறு வாரம் இரத்தம் உறையும் ஆபத்து நீடிக்கிறது. திரும்பி வரும்போதும் அதே நிறுத்தங்கள் வேண்டும். குழந்தை இருக்கைகள் மட்டும் இரண்டு.